சின்ன ஊரில் மரச்செக்குப் போட்டு எண்ணெயோடு ஊரையும் சேர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சொந்த ஊரில் ஒரு தொழில் தொடங்க வேண்டும், கல்லாப்பெட்டி நிறைவதோடு ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசுகிற இடமாகவும் அது ஆக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது டீக்கடைதான். நல்ல யோசனைதான். ஆனால் பேரூராட்சி அளவுள்ள எந்த ஊரிலும் டீக்கடை ஏற்கெனவே நிறைய இருக்கிறது, அங்கே உட்காருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள், அதிலும் ஒவ்வொரு கடைக்கும் என்று ஒரே ஆட்கள். நான் சிபாரிசு செய்வது மரச்செக்கு. ஒரு ஈடு (செக்கில் ஒரு தடவைக்குப் போடுகிற அளவு) கடலை ஆடி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தன் தோட்டத்துக் கடலையைக் கொண்டுவந்தவர் அது உரலில் விழுந்ததிலிருந்து எண்ணெய் இறங்குகிற வரை பக்கத்தில் உட்கார்ந்துதான் இருப்பார். வேறு எந்தக் கடையில் வாடிக்கையாளர் இப்படித் தானாகவே ஒரு மணி நேரம் இருக்கிறார்? அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் எள்ளோடு காத்திருப்பார், பேச்சு தானாக வரும்.

இன்னொரு காரணம், இந்தத் தொழிலில் சரக்கு ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. கடலை போட்டவரும் இந்த ஊர், எண்ணெய் வாங்குகிறவரும் இந்த ஊர், பிண்ணாக்கு தின்கிற மாடும் இந்த ஊர். பழைய காலத்தில் செக்கைப் பொதுச் சொத்தாகவே பார்த்திருக்கிறார்கள். பாறையில் குடைந்த கல்செக்குகள் தமிழ்நாட்டில் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன, சிலவற்றில் இதை இன்னார் செய்து கொடுத்தார் என்ற கல்வெட்டே இருக்கிறது.

இதைக் கொங்குப் பக்கத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அவல்பூந்துறை, பெருந்துறை, வெள்ளகோவில் விற்பனைக்கூடங்களில் கொப்பரை ஏலம், சிவகிரியில் எள், சேவூரில் நிலக்கடலை என்று மூன்று எண்ணெய்க்கும் சரக்கு இங்கே கைக்கெட்டுகிற தூரத்தில் கிடைக்கிறது. திருவண்ணாமலை, விழுப்புரம், புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடலைக்குப் பஞ்சமில்லை, மற்ற இரண்டும் பக்கத்தில் எங்கே கிடைக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம், அப்புறம்தான் மோட்டார்

எல்லாரும் முதலில் செக்கு விலை கேட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் இடத்தை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் யார் உங்கள் கடைக்கு வருவார்கள் என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது. சொந்தத் தெருவில் சொந்த வீட்டுத் திண்ணையை ஒட்டிப் போட்டால் வாடகை மிச்சம்தான், ஆனால் அந்தத் தெரு ஒரே சாதிக்காரர்கள் இருக்கிற தெருவாக இருந்தால் ஊரில் பாதிப் பேர் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். யாரும் தடுக்க வேண்டியதில்லை, அவர்களாகவே வர மாட்டார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே என்றால் வாடகை கட்டி மாளாது, உட்கார வைக்கவும் இடம் இருக்காது.

யாரும் யாரையும் "இந்தப் பக்கம் எங்கே வந்தீங்க?" என்று கேட்காத பாதை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும். சந்தைக்குப் போகிற வழி, ரேஷன் கடை, பால் சொசைட்டி, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிற வீதி, இந்த மாதிரி. அங்கே பாருங்கள். முடிவு செய்வதற்கு முன் காலையில் பால் ஊற்றுகிற நேரத்திலும், சந்தை நாளிலும், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலும் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்று, யார் யார் போகிறார்கள், யார் போகவில்லை என்று பாருங்கள். யார் போகவில்லை என்பதுதான் முக்கியம்.

கட்டடம் சின்னதாக இருந்தால் பரவாயில்லை, முன்னால் பத்தடியாவது நிழலோடு வேண்டும், ஒரு வேப்பமரமோ புங்கமரமோ நின்றால் இன்னும் நல்லது. பின்னால் கடலை காயப்போட ஒரு களமோ மொட்டை மாடியோ இருக்க வேண்டும். செக்குச் சத்தம் இடைவிடாமல் வரும் என்பதால் ஒட்டின சுவர் வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், வழக்கமாக முதல் சண்டை அங்கேதான் வரும்.

இயந்திரம், பணம், காகிதம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், விற்கிறவர்களே மணிக்கணக்கில் விளக்குவார்கள். உரலும் உலக்கையும் வாகை மரத்தில் இருக்கட்டும். மூன்று முதல் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரில் ஓடுகிற, ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது கிலோ பருப்புப் பிடிக்கிற செக்கு ஒன்று போதும். தொடங்கும்போதே இரண்டு வாங்காதீர்கள். மின் இணைப்பைப் பற்றி மட்டும் மோட்டார் வாங்குவதற்கு முன்பே மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள், கடை இணைப்புக்கும் குறுந்தொழில் இணைப்புக்கும் யூனிட் விலை வேறு, மாத முடிவில் அந்த வித்தியாசம் கையைக் கடிக்கும்.

காகித வேலை: பேரூராட்சித் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு (வியாபாரம் பெருகினால் உரிமம்), குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவு. உதயம் இணையத்தில் இலவசம், அதற்குப் பணம் கேட்கிறவரிடம் போகாதீர்கள். பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். சமையல் எண்ணெயைத் திறந்த டின்னிலிருந்து அளந்து சில்லறையாக விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, பாட்டிலில் அடைத்து, எடை, தேதி, விலை, முகவரி எல்லாம் ஒட்டித்தான் விற்க வேண்டும். தன் கடலையைக் கொண்டுவந்து கூலிக்கு ஆட்டிக்கொள்கிறவர் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு போவது வேறு விஷயம், அது அவருடைய எண்ணெய்.

பணத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் போய் உட்காருங்கள். உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்காக 2020ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் வரை என்று வைத்திருந்தார்கள். நீங்கள் போகிற நேரத்தில் எது நடப்பில் இருக்கிறது என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். மானியத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வந்தால் கடன் குறையும், வராவிட்டாலும் தொழில் நடக்கிற அளவில் ஆரம்பியுங்கள்.

பெஞ்சு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

செக்குக்கு முன்னால் பெஞ்சு போடுங்கள், நாற்காலி வேண்டாம். நாற்காலி போட்டால் யாருக்குக் கொடுப்பது, யார் வந்தால் யார் எழுந்திருப்பது என்ற கணக்கு வந்துவிடும். நீளமான பெஞ்சு இரண்டு, எல்லாம் ஒரே உயரம். ஒரு குடிதண்ணீர்ப் பானை, எல்லாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்.

டம்ளரைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று நினைக்கலாம். இரட்டைக் குவளை இருந்த ஊர்கள் இவை, அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் நம் நடுவில் இருக்கிறார்கள். கடையில் யாரையும் சாதி சொல்லித் தள்ளக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது, தீண்டாமையை 17ஆவது பிரிவு ஒழித்திருக்கிறது, 1955லும் 1989லும் தனிச் சட்டங்களே வந்தன. அப்படி இருந்தும் அறுபது வயதுக்காரர் ஒருவர் உங்கள் கடைக்கு வந்து, பெஞ்சில் இடம் காலியாக இருக்கும்போதே, வேப்பமரத்தடியில் போய் நின்றுகொள்வார். நீங்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள், அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் மரத்தடியிலேயே நிற்கிற வரைக்கும் உங்கள் கடை ஊர்க்கடை ஆகவில்லை, ஒரு பாதியின் கடைதான்.

இதை எப்படி மாற்றுவது? பிரசங்கம் செய்தால் மாறாது. சின்னச் சின்ன ஏற்பாடுகள் வேலை செய்யும்.

டோக்கன் போடுங்கள். வந்த வரிசைப்படி எண் எழுதின ஒரு தகடு கையில் கொடுத்துவிட்டு, எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள். "அவரு பெரிய தோட்டத்துக்காரரு, அவருக்கு முன்னாடி போட்டுக் குடு" என்று யாராவது சொல்வார்கள். "டோக்கன் வரிசைங்க" என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அது விவாதம் ஆகிவிடும். முதல் சில மாதங்களில் ஒன்றிரண்டு பேர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும். எண்ணெய் நன்றாக இருந்தால் பலகாரம் சுடுகிற நாளுக்கு முன்னால் அவர்கள் வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும்.

அடுத்தது பேச்சு. மரியாதைக்குப் பேர்போன கொங்குத் தமிழில் அந்த மரியாதை எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பது இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பேரன் வயசுப் பையன் ஒரு தாத்தாவை வாடா போடா என்பதைக் காதால் கேட்டுத்தான் இருக்கிறோம். உங்கள் கடையில் வருகிற எல்லாரும் "வாங்க", எல்லாரும் "உக்காருங்க". வேலைக்கு இருக்கிற பையனுக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மரத்தடியில் நிற்கிறவரிடம் "உங்க டோக்கன் அடுத்ததுங்க, இப்படி வந்து உக்காருங்க, பருப்பு விழறதப் பாத்துக்குங்க" என்று ஒரு காரணத்தோடு கூப்பிட்டால் வருவார். காரணம் இல்லாமல் கூப்பிட்டால் தர்மசங்கடப்படுவார்.

பெண்களைப் பற்றி: எண்ணெய் எது வாங்குவது என்று முடிவு செய்கிறவர்கள் அவர்கள், ஆனால் ஆண்கள் நிறைந்த பெஞ்சில் அவர்கள் வந்து உட்கார மாட்டார்கள். ஒரு பெஞ்சை உள்பக்கமாக, செக்குக்குக் கிட்டே போடுங்கள், தனியாக 'மகளிர்' என்று எழுதி ஒதுக்க வேண்டியதில்லை. பீடி, சிகரெட், போதை ஆசாமிகள், இந்த மூன்றுக்கும் முதல் நாளிலிருந்து இடமில்லை என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கழிப்பறை ஒன்று கட்டாயம் வேண்டும். அப்புறம் நேரம்: காட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள் மத்தியானத்துக்கு மேல்தான் வர முடியும், நீங்கள் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வரை ஷட்டரை இறக்கிப் படுத்தால் அவர்களை இழப்பீர்கள்.

நாளிதழ் ஒன்று வாங்கிப் போடுங்கள், கட்சிப் பத்திரிகை வேண்டாம். தினத்தந்தி 1942ல் மதுரையில் தொடங்கியதிலிருந்து டீக்கடை பெஞ்சில்தான் பலர் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினார்கள் என்பார்கள், செக்கு பெஞ்சுக்கும் அது ஒத்துவரும். தொலைக்காட்சி மட்டும் மாட்டாதீர்கள். மாட்டினால் எல்லாரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

விலைப் பலகையில் விலையோடு கணக்கும்

மரச்செக்கு எண்ணெய் விலை கேட்டதும் "ஏனுங்க இவ்வளவு?" என்ற கேள்வி வரும். ரீபைண்டு எண்ணெய் விலையோடு ஒப்பிட்டுத்தான் கேட்பார்கள், நியாயமான கேள்வி. உடம்புக்கு நல்லது, கொழுப்பைக் கரைக்கும், சர்க்கரையைக் குறைக்கும் என்றெல்லாம் அளக்காதீர்கள். கணக்கை எழுதிப் போடுங்கள்.

ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு பிடிக்கும். எள்ளும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆட்டும்போது அதோடு சேர்க்கிற கருப்பட்டி தனி. காய்ந்த கொப்பரை என்றால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறையும். கடலைப் பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டரைக் கிலோவுக்கு 300. அதில் ஒரு கிலோ நானூறு கிராம் பிண்ணாக்கு கிடைக்கும், கிலோ 40 என்றால் 56 ரூபாய் திரும்பி வருகிறது. மீதி 244. ஆட்டுகிற செலவு, பாட்டில், தெளிய வைக்கும்போது அடியில் தங்குகிற மண்டி, கூலி எல்லாம் சேர்த்து ஓர் ஐம்பது. ஆக அடக்கம் 294, விற்பது 320. இதைப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் அப்படியே எழுதுங்கள், பருப்பு விலை மாறுகிற அன்று பலகையையும் மாற்றுங்கள். (மேலே இருப்பது உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

லாபத்தை ஊருக்கே சொல்வதா என்று பயப்படுவார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கடலை போட்டு விற்கிறவர்கள், உங்கள் லாபம் அவர்களுக்கு மனக்கணக்கிலேயே தெரியும். நீங்களாக எழுதிப் போட்டால் அடக்க விலையைத் தெரிந்துகொண்டவர்கள், சந்தையில் 180 ரூபாய்க்கு "செக்கு எண்ணெய்" என்று எவனாவது விற்றால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை.

சொல்லாமல் விடக் கூடாத ஒன்று: பாமாயில் கலக்காதீர்கள், ஒரு பங்கு கூட. வெளியூரில் கலப்படம் தெரிந்தால் வாடிக்கையாளர் போவார். உள்ளூரில் தெரிந்தால் உங்கள் பிள்ளைக்குப் பெண் கேட்கப் போகிற இடத்தில் கூட அது வந்து நிற்கும்.

கடலை வாங்குவது

வியாபாரிகள் தோட்டத்துக்கு வந்து கடலை வாங்குவது எப்படி என்று விவசாயிகளிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். எடைக்குறைவு, ஈரம் என்று மூட்டைக்கு இவ்வளவு கழிவு, பணம் அடுத்த வாரம். உங்களுக்கு இதுதான் வாய்ப்பு. முத்திரை போட்ட தராசு, பக்கத்து விற்பனைக்கூடத்தில் அந்த வாரம் ஏலம் போன விலையைப் பலகையில் எழுதிவிட்டு அதை ஒட்டின விலை, பணம் அன்றைக்கே கையில். இந்த மூன்றைச் செய்கிறவரைத் தேடி வருவார்கள். நூறு கிலோ கடலைக்காயை உடைத்தால் அறுபத்தைந்திலிருந்து எழுபது கிலோ பருப்பு வரும், அவர்கள் கண் முன்னாலேயே ஒரு கிலோ உடைத்துக் காட்டி விலை பேசுங்கள்.

தரத்தில் மட்டும் தயவு பார்க்கக் கூடாது. ஈரக் கடலையை மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும், அதிலிருந்து வருகிற அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கிற நஞ்சு, மாட்டுக்குப் பிண்ணாக்கில் போனால் பாலிலும் இறங்கும். காயை ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும், பருப்பை விரலால் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்பாதீர்கள், உங்கள் களத்திலேயே இரண்டு நாள் காயப்போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். களத்துக்கு வாடகை வாங்காதீர்கள். மழை மேகம் திரண்டால் பெஞ்சில் இருக்கிற எல்லாரும் எழுந்து ஓடி யாருடைய கடலையோ அள்ளி உள்ளே போடுவார்கள், அந்த ஐந்து நிமிடத்தில் நடக்கிறதைக் கூட்டம் போட்டு நடத்த முடியாது.

கூட்டாக ஆட்டுவது

செக்குக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு, மூன்று நான்கு கிலோ எள்ளைப் போட்டால் உலக்கை வெறுமனே சுற்றும். சின்னக் குடும்பங்கள் இதனாலேயே கூலிக்கு ஆட்ட வருவதில்லை. மூன்று நான்கு வீட்டு எள்ளைச் சேர்த்து ஒரே ஈடாகப் போட்டு, எடை விகிதத்தில் எண்ணெயைப் பிரித்துக் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று வைத்துக்கொள்ளலாம். புதன், சனி ஆண்களும் செவ்வாய், வெள்ளி பெண்களும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது இன்னும் பல வீடுகளில் இருப்பதால் நல்லெண்ணெய்க்குத் திங்கள்கிழமை வசதி.

இதில் தகராறு வர வாய்ப்பு அதிகம். "என் எள்ளு புதுசு, அவங்க எள்ளு பழசு" என்று ஆரம்பிக்கும். அதனால் சேர்ப்பதற்கு முன்னால் எல்லார் எள்ளையும் எல்லார் முன்னாலும் முறத்தில் கொட்டிக் காட்டிவிடுங்கள், ஒருவர் தலையாட்டவில்லை என்றால் அவருடையதைச் சேர்க்காதீர்கள். எடையை நோட்டில் எழுதிப் படித்துக் காட்டுங்கள். சாதி காரணமாகச் சேர்க்க மறுக்கிறவர்கள் இருப்பார்கள். காரணத்தை வெளியில் சொல்ல மாட்டார்கள், தனியாக ஆட்டிக்கொள்கிறேன் என்பார்கள். சரி, தனி ஈட்டுக்கு முழுக் கூலி.

கடன் நோட்டும் தீபாவளிச் சீட்டும்

"இன்று ரொக்கம் நாளை கடன்" என்று எழுதி மாட்டுகிற ஆசை எல்லாருக்கும் உண்டு. கிராமத்தை ஒட்டின ஊரில் அது நடக்காது. பால் பணம் ஒரு நாள் வரும், மஞ்சள் விற்ற பணம் வருஷத்துக்கு ஒரு தடவை வரும், கூலிக்காரர்களுக்குச் சனிக்கிழமை வரும், எண்ணெய் மட்டும் தினமும் வேண்டும். கடன் கொடுத்துத்தான் ஆக வேண்டும், எப்படிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

நான் சொல்கிற முறை: வீட்டுக்கு ஒரு சின்ன நோட்டு, அது அவர்களிடமே இருக்கும், அதே கணக்கு உங்கள் பேரேட்டிலும் இருக்கும். ஒரு வீட்டுக்கு உச்சவரம்பு ஒன்று, இரண்டு லிட்டர் விலை என்று வைத்துக்கொள்ளலாம், அது பண்ணாடிக்கும் (தோட்ட முதலாளிக்கும்) ஒன்றுதான், பண்ணையத்து ஆளுக்கும் ஒன்றுதான். நடைமுறையில் பாக்கி வைத்து இழுத்தடிப்பது பெரும்பாலும் வசதியானவர்கள், அவர்களிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இல்லாதவர்களிடம் கறாராக இருப்பதுதான் எல்லாக் கடையிலும் நடக்கிறது. பணத்துக்குப் பதில் கடலையாகவோ எள்ளாகவோ அறுவடையில் தீர்க்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் அன்றைய விலைக்கே எடுங்கள். விலையைக் குறைத்து எடுத்தால் அது வட்டி, வட்டிக்காரர்கள் ஊரில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். பாக்கியை பெஞ்சில் வைத்துக் கேட்காதீர்கள். யாருடைய பாக்கி எவ்வளவு என்பது உங்கள் வாயிலிருந்து வெளியே போகக் கூடாது, மனைவியின் பாக்கியைக் கணவரிடம் சொல்வதும் இதில் சேர்த்திதான்.

கடையில் நம்பிக்கை வந்ததும் அடுத்த வருஷமே யாராவது கேட்பார்கள்: "நீங்களே தீபாவளிச் சீட்டு பிடிங்களேன், உங்களத்தான் நம்பறோம்." கேட்க இனிப்பாக இருக்கும். செய்யாதீர்கள். பதிவு இல்லாமல் சீட்டு நடத்துவது 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், முறைப்படுத்தப்படாத டெபாசிட் வாங்குவதைத் தடை செய்து 2019ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், சீட்டு ஒரு தடவை உடைந்தால் செக்கு, பெஞ்சு எல்லாம் அதோடு போகும். சேமிக்க நினைக்கிறவர்களுக்கு அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கு இருக்கிறது, மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது, அந்தப் பக்கம் கைகாட்டிவிடுங்கள்.

வேலை யாருக்கு

கடலையில் சொத்தை, கருத்த பருப்பு, கல் எல்லாம் பொறுக்கி எடுக்க ஆள் வேண்டும், எண்ணெய் தரத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. இந்த வேலையை ஊரில் இருக்கிற ஒரு சுய உதவிக் குழுவுக்குக் கிலோ கணக்கில் கொடுத்துவிடுங்கள். 1989ல் தர்மபுரியில் தொடங்கிய குழுக்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கின்றன, ஆனால் கடன் வாங்கிக் கட்டுவதைத் தவிரக் குழுவாகச் செய்யத் தொழில் இல்லாமல் பல குழுக்கள் சும்மா இருக்கின்றன. நாளடைவில் அவர்களே இட்லிப் பொடி, எள்ளுருண்டை, கடலை மிட்டாய் செய்து உங்கள் கடையில் வைக்கலாம். விற்பதற்குக் கமிஷன் வைத்துக்கொள்ளுங்கள், பத்துச் சதவீதம் போதும். இலவசமாக வைத்துக்கொடுத்தால் அது தயவு ஆகிவிடும், தயவு காட்டுகிறவரிடம் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

செக்கு ஓட்டுகிற ஆளை மட்டும் குழுவிலிருந்தோ சொந்தத்திலிருந்தோ அவசரப்பட்டு எடுக்காதீர்கள். பருப்புக்குத் தண்ணீர் எவ்வளவு தெளிப்பது, கருப்பட்டி எப்போது போடுவது, பிண்ணாக்கு எப்போது இறுகுகிறது என்பதெல்லாம் கைப்பழக்கம், வர மாதக்கணக்கில் ஆகும்.

பிண்ணாக்கு

பிண்ணாக்கை மொத்தமாக வெளியூர் தீவன வியாபாரிக்கு அனுப்பினால் ஒரே வண்டியில் வேலை முடிந்தது. அனுப்பாதீர்கள். ஐந்து கிலோ, பத்துக் கிலோவாக உள்ளூர் மாட்டுக்காரர்களுக்கு விற்றால் பால் சொசைட்டிக்கு வருகிற ஒவ்வொருவரும் உங்கள் கடையைத் தாண்டித்தான் போவார். எண்ணெய்க்கு மாதம் ஒரு தடவை வருகிறவர் பிண்ணாக்குக்கு வாரம் ஒரு தடவை வருகிறார். ஒரு மாடு மட்டும் வைத்திருக்கிற பாட்டிமார்களுக்கு முதலில் கொடுங்கள், பண்ணை வைத்திருப்பவர்கள் வெளியிலும் வாங்கிக்கொள்வார்கள்.

திருவிழா, நன்கொடை, தேர்தல்

ஆயுத பூஜை அன்று செக்கைக் கழுவிப் பொட்டு வைத்து, வருகிற எல்லாருக்கும் பொரிகடலை கொடுங்கள், முந்தின நாளே பெஞ்சில் சொல்லிவிடுங்கள். கார்த்திகை தீபத்துக்கு, தெளிய வைத்த பாத்திரத்தின் அடியில் தங்கின மண்டி எண்ணெயை விளக்குக்கென்று சும்மாவே கொடுத்துவிடலாம். கோயில் கும்பாபிஷேகம், மசூதி, சர்ச், பள்ளிக்கூட விழா என்று நன்கொடை ரசீதுகள் வந்துகொண்டே இருக்கும். ஊரில் இரண்டு தரப்பு இருக்கிற திருவிழாவாக இருந்தால் பணமாகக் கொடுக்காமல் அன்னதானத்துக்கு எண்ணெயாகக் கொடுங்கள், இரண்டு தரப்புக்கும் ஒரே டின். பிளெக்ஸில் உங்கள் படம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அடுத்த தரப்பு பிளெக்ஸ் அடிக்கும்போது அந்தச் சொல் உதவும்.

பெஞ்சில் அரசியல் பேசட்டும், தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் மட்டும் கவனம், வார்டு உறுப்பினர் பதவிக்கு உங்களையே நிற்கச் சொல்வார்கள். நின்றால் ஜெயிப்பீர்களோ தோற்பீர்களோ, எதிர்த்து நின்றவர் வீட்டு எண்ணெய் அதற்கப்புறம் வேறு கடையில்தான். சுற்று ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை கூடும் நாட்களைப் பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தால் போதும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பெஞ்சில் புலம்புகிறவருக்கு அந்தத் தேதியைக் காட்டலாம்.

இரண்டாவது செக்கு வரும்போது

உங்கள் கடை நன்றாக ஓடினால் இரண்டு மூன்று வருஷத்தில் ஊரில் இன்னொருவர் செக்குப் போடுவார். பெரும்பாலும் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் பலகையைப் படித்தவராகத்தான் இருப்பார். விலையைக் குறைத்துச் சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் பருப்பு வாங்கப் பணம் இருக்காது. போய்ப் பார்த்துப் பேசுங்கள். உலக்கை உடைந்தால் இவர் அவருக்கு ஆட்டிக் கொடுப்பது, ஏலத்தில் பருப்பைச் சேர்ந்து எடுப்பது, ஆட்டுக்கூலியை ஒன்றாக வைத்துக்கொள்வது, இந்த மூன்றும் முதல் சந்திப்பிலேயே பேசி முடிக்கக்கூடியவை. விடுமுறையையும் மாற்றி வைத்துக்கொள்ளலாம், நீங்கள் அமாவாசைக்கு மூடினால் அவர் சந்தை நாளுக்கு அடுத்த நாள் மூடட்டும். உங்கள் கடை மூடியிருக்கிற அன்று வந்து நிற்கிறவருக்கு அவருடைய கடைக்கு வழி தெரிகிற மாதிரி ஷட்டரில் எழுதி வையுங்கள், அவரும் எழுதுகிறாரா என்று ஒரு மாதம் பாருங்கள். எழுதவில்லை என்றால் நேரில் போய்க் கேளுங்கள், பெஞ்சில் வைத்துப் புலம்பாதீர்கள்.